குட்டை ஆர்என்ஏக்களோடு வேலை

மரபுத் தகவலைச் சுமக்கும் மூலக்கூறான ஆர்என்ஏவை ஆய்வகத்தில் பரிணாமம் அடையவைக்கும் வேலைக்கு வருகிறவர்கள் முதலில் பழகுவது சுத்தம். நம் தோலிலேயே ஆர்என்ஏவை வெட்டித் தள்ளும் நொதிகள் இருக்கின்றன. அதனால் எப்போதும் கையுறை, தனியாகச் சுத்திகரித்த தண்ணீர், ஐஸ். இவ்வளவு காத்தாலும், நகலெடுப்புக்குத் தேவையான மெக்னீசியமே ஆர்என்ஏவை மெல்ல உடைக்கவும் செய்கிறது. உயிர் ஆர்என்ஏவிலிருந்து தொடங்கியிருந்தால், உயிருக்கு முந்தைய பூமியில் அது எப்படித் தாக்குப்பிடித்திருக்கும் என்ற கேள்வி, பைப்பெட்டைப் பிடித்த பிறகுதான் எனக்கு உண்மையில் உறைத்தது.

செய்முறை எளிது. ஆர்என்ஏ, அதை நகலெடுக்கும் நொதி, ஆர்என்ஏ கட்டப்படும் சிறு அலகுகளான நியூக்ளியோடைடுகள் மூன்றையும் குழாயில் சேர்த்து இளஞ்சூட்டில் வைக்கிறோம். கொஞ்சம் எடுத்துப் புதுக் கலவையில் விடுகிறோம். அப்புறம் மறுபடியும் அதேதான். 1967இல் இல்லினாய் பல்கலைக்கழகத்தின் சால் ஸ்பீகல்மேன் குழு பாக்டீரியாவைத் தாக்கும் கியூபீட்டா வைரஸின் ஆர்என்ஏவை இப்படி 74 முறை புதுக் கலவைக்கு மாற்றியது. போகப்போகக் காத்திருக்கும் நேரத்தையும் குறைத்தார்கள். கடைசியில் மிஞ்சியது மூலத்தின் 17 சதவீத நீளமே உள்ள ஒரு துண்டு. பாக்டீரியாவைத் தாக்கும் திறன் போய்விட்டது, நகலாகும் வேகம் ஏறியிருந்தது.

இதைச் சீரழிவு என்று சிலர் சொல்லும்போது எனக்கு ஒப்புவதில்லை. அந்தக் குழாயில் தாக்குவதற்கு பாக்டீரியாவே கிடையாது. நொதியும் வெளியிலிருந்து சும்மா கிடைக்கிறது. வேகத்தைத் தவிர வேறு எதற்கும் அங்கே பலன் இல்லை. குறிப்பேட்டில் நாம் எழுதிவைக்கும் நோக்கம் ஆர்என்ஏவுக்குத் தெரியாது. எவ்வளவு நேரம் விட்டுவைக்கிறோம், எவ்வளவு எடுத்து மாற்றுகிறோம் என்பதற்குத்தான் அது பதில் சொல்கிறது. அதனால் புதுப் பரிசோதனையைத் திட்டமிடும்போதெல்லாம் நான் கேட்பது ஒன்றுதான்: இதில் உழைக்காமல் பிழைக்க எங்கே வழி இருக்கிறது? வழி இருந்தால் ஆர்என்ஏ அதைப் பிடித்துவிடும்.

நாங்கள் பயன்படுத்தும் ஆர்என்ஏ தன்னை நகலெடுக்கும் நொதிக்கான மரபணுவைத் தானே சுமக்கிறது. புரதம் தயாரிக்கும் கலவையை மட்டும் நாங்கள் தருகிறோம். ஆனால் அந்த மரபணுவை உதறிவிட்ட குட்டைத் துண்டுகள் தாமாகவே முளைத்துவிடும். மற்றவை செய்த நொதியைக்கொண்டு பெருகும் ஒட்டுண்ணிகள் இவை. ஆர்என்ஏக்களை நீளப்படி பிரித்துக்காட்டும் ஜெல்லில் கீழே அவற்றின் பட்டை தடிக்கத் தடிக்க, மேலே நீளமான ஆர்என்ஏவின் பட்டை மங்கும். எல்லாம் ஒரே கலவையாகக் கிடந்தால் அதோடு சரி. எண்ணெய்க்குள் நுண்ணிய நீர்த்துளிகளாகப் பிரித்துவிட்டால் நிலைமை வேறு. ஒட்டுண்ணி புகுந்த துளி வீணாகும், புகாத துளியில் நீளமானது தப்பிக்கும். முதல் உயிர்களுக்குத் தனித்தனி அறைகள் ஏன் சீக்கிரமே தேவைப்பட்டிருக்கும் என்பதற்கு இதைவிட நேரடியான விளக்கத்தை நான் கண்டதில்லை.

அந்தக் கீழ்ப்பட்டையை வெறும் குப்பையாகப் பார்ப்பதையும் நான் விட்டுவிட்டேன். டோக்கியோ பல்கலைக்கழகத்தின் மிசுச்சி, இச்சிஹாஷி குழு 2022இல் வெளியிட்ட ஆய்வு அதற்கு முக்கியக் காரணம். ஒரே வகை ஆர்என்ஏவில் தொடங்கி, 240 சுற்றுகளில் ஐந்து வம்சங்கள் பிரிந்திருந்தன. மூன்று நொதியைச் செய்பவை, இரண்டு ஒட்டுண்ணிகள். ஒட்டுண்ணிக்கு ஈடுகொடுக்க நீளமானவை மாறின, அவற்றுக்கு ஏற்ப ஒட்டுண்ணிகளும் மாறின. குட்டைத் துண்டுகள் இல்லாமல் இந்தப் பன்மை உருவாகியிருக்காது என்றே நினைக்கிறேன்.

இதை உயிரின் தோற்றம் என்று யாராவது அழைத்தால் உடனே திருத்துகிறேன். எங்கள் கலவையில் புரதத்தைக் கட்டும் செல் உறுப்பான ரைபோசோம் இருக்கிறது. அதுவே நீண்ட பரிணாமத்தின் விளைவு. புரதம் இல்லாத வழியில் போனவர்கள் உண்டு. 2009இல் ட்ரேசி லிங்கனும் ஜெரால்டு ஜாய்ஸும் இரண்டு ஆர்என்ஏ நொதிகள் ஒன்றையொன்று உருவாக்கும்படி செய்தார்கள். சுமார் ஒரு மணி நேரத்தில் அவை இரட்டிப்பாயின. ஆனால் அவை செய்தது, தயாராக இருந்த துண்டுகளை ஒட்டுவது. நியூக்ளியோடைடுகளை ஒவ்வொன்றாகக் கோத்து, சுற்றுக்குச் சுற்று தன்னையே பெருக்கிக்கொள்ளும் ஆர்என்ஏதான் பலருடைய இலக்கு. அப்படி ஒன்று அமைந்தால் ஒட்டுண்ணிகளும் கூடவே வரும் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. துளிகளை எவ்வளவு சிறிதாக்குவது, எத்தனை சுற்றுக்கு ஒருமுறை கலப்பது என்று நாங்கள் இப்போது சேர்க்கும் தரவு அன்றைக்குப் பயன்படும்.