இடப்பக்கம் மட்டும் வந்த தடிப்பு

சளியும் லேசான காய்ச்சலும் விட்ட கையோடு என் இரண்டு வயது மகளின் இடது அக்குளில் சிவப்புப் பொரிகள் கிளம்பின. வேர்க்குரு என்றால் கழுத்திலும் முதுகிலும் சேர்ந்தே பொரிந்திருக்கும். இவை அக்குளிலிருந்து விலாவுக்கும் மேற்கையின் உட்புறத்துக்கும் இறங்கின. வலப்பக்கம் பொட்டுக்கூட இல்லை.

"அக்கிதான், குயவர் வீட்டில் காவி எழுதிவிடலாம்" என்றார் மாமியார். பேத்தி மேல் அவருக்கு உயிர். "டாக்டர் ஒருமுறை பார்த்துவிடட்டும் அத்தை" என்று கேட்டுக்கொண்டேன்.

தோல் மருத்துவர் அவளை ஜன்னல் வெளிச்சத்தில் நிறுத்திக் கையைத் தூக்கிப் பார்த்தார். பொரிகளின் மேல் மெல்ல விரலை ஓட்டினார். நீர்க்கொப்புளம் வந்ததா, தொட்டால் அழுகிறாளா, வீட்டில் வேறு யாருக்காவது இரவில் அரிக்கிறதா, புதிதாக ஏதும் மருந்து கொடுத்தோமா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். அக்கியில் கொப்புளங்கள் நரம்பு போகும் வழியில் கொத்தாக வரும், உடலின் நடுக்கோட்டைப் பெரும்பாலும் தாண்டாது என்று விளக்கினார். மகளுக்கு வந்திருப்பது அக்கி அல்ல; இதன் பெயர் 'யூனிலேட்டரல் லேட்டரோதொராசிக் எக்ஸாந்தம்', அதாவது மார்பின் ஒரு பக்கவாட்டில் தொடங்கும் தடிப்பு. 1992இல் பிரான்ஸ் மருத்துவர்கள் வைத்த பெயராம். ஒன்று முதல் ஐந்து வயதுக்குள், அதிலும் பெண் குழந்தைகளுக்கே கூடுதலாக வருகிறது. வைரஸ் தொற்றை ஒட்டி வருவதாகக் கருதுகிறார்கள். இன்ன வைரஸ் என்று இன்னும் உறுதியாகவில்லை.

மூன்று முதல் ஆறு வாரங்களில் தானே அடங்கும், ஆன்டிபயாடிக் வேண்டாம் என்றார். எழுதித் தந்தது ஈரப்பதம் காக்கும் க்ரீமும், அரிப்பு கூடினால் இரவில் கொடுக்க ஒரு சிரப்பும்தான்.

வீட்டில் சும்மா இருப்பதுதான் பெரும்பாடு. வருகிறவர்கள் எல்லாம் ஆளுக்கொரு களிம்பு சொன்னார்கள். அடுத்த வாரம் வலது விலாவிலும் பொரிகள் தலைகாட்டியபோது எனக்கு வயிற்றைக் கலக்கியது. ஆனால் மறுபக்கமும் பரவலாம், தொடங்கிய பக்கத்தில்தான் அடர்த்தி கூடுதலாக இருக்கும் என்று மருத்துவர் முன்பே சொல்லியிருந்தார். அப்படியேதான் இருந்தது. அந்த ஒரு வார்த்தை இல்லாவிட்டால் வேறு மருத்துவமனைக்கு ஓடியிருப்பேன். நோயின் போக்கை முன்கூட்டியே சொல்லிவிடும் மருத்துவர் கிடைப்பது பெற்றவர்களுக்குப் பெரிய ஆறுதல்.

இரவில் சொறிந்தாலும் நகம் கீறாமலிருக்க அதை வெட்டிவிட்டு, தளர்ந்த பருத்திச் சட்டை போட்டோம். அவளோ பகலெல்லாம் வழக்கம்போல் ஓடியாடினாள், நன்றாகச் சாப்பிட்டாள். பொரிகள் நடுவிலிருந்து மங்கி, தோல் தவிடு போல உதிர்ந்தது, தழும்பு இல்லை. காய்ச்சல் திரும்பினாலோ, கொப்புளமோ சீழோ கண்டாலோ, குழந்தை சோர்ந்து படுத்தாலோ உடனே வரச் சொல்லியிருந்தார். எங்களுக்கு அந்த அவசியம் வரவில்லை.