பேத்தியோடு திருக்கருகாவூர்

மகளுக்கு இரண்டு தடவை கரு தங்காமல் போனபோது நான் அல்சூர் சோமேஸ்வரர் கோயிலில் உட்கார்ந்து அழாத வாரம் கிடையாது. அப்புறம்தான் அவள் கும்பகோணம் பக்கத்துத் திருக்கருகாவூருக்கு, கருவைக் காக்கும் கர்ப்பரக்ஷாம்பிகை கோயிலுக்குப் போய், அம்பாள் சன்னதிப் படியை நெய்யால் மெழுகிக் கோலம் போட்டாள், பிரசாத நெய்யை 48 நாள் விடாமல் சாப்பிட்டாள். இப்போது பேத்திக்கு ஏழு மாதம், குழந்தையைக் கோயில் தொட்டிலில் போட்டுச் சுற்றி வரும் தொட்டில் பிரார்த்தனை மட்டும் பாக்கி. "பெங்களூரிலிருந்து அவ்வளவு தூரம், கொஞ்சம் வளரட்டும் அத்தை" என்று மாப்பிள்ளை தள்ளிக்கொண்டே வந்தார். அம்பாளுக்குக் கடன் வைத்துவிட்டு எனக்கு எப்படித் தூக்கம் வரும்? டிக்கெட் போடச் சொல்லிவிட்டேன்.

மைசூரிலிருந்து வரும் ராத்திரி வண்டியில் ஏறி, சனிக்கிழமை காலை கும்பகோணத்தில் இறங்கினோம். நவக்கிரகம் சுற்ற வந்த வேன்களால் ஊரே அடைத்திருந்தது. இரண்டு இடத்தில் ஒரு ரூமுக்கு 3,000 கேட்டார்கள். கடைசியில் மகாமகக் குளத்துக்குப் பக்கத்தில் ஒரு பழைய லாட்ஜ், பெரியவர்கள் நான்கு பேருக்கும் சேர்த்து 1,400. ஏசி இல்லை, பாத்ரூம் கதவைத் தூக்கித்தான் சாத்த வேண்டும், ஆனால் தரை சுத்தமாக இருந்தது, ஜன்னலைத் திறந்தால் குளத்து மண்டபங்கள். கும்பேஸ்வரர் கோயிலுக்கும் சாரங்கபாணிக்கும் நடந்தே போகலாம், முட்டிவலிக்கார எங்கள் வீட்டுக்காரரே நடந்தார்.

பேத்திக்குத் தூளி இல்லாமல் தூக்கம் வராது. பயணத்தில் அதற்கு எங்கே போவது என்று விழித்துக்கொண்டிருந்தபோது ரூம் பையன் அண்ணாந்து பார்த்தான். உத்தரத்தில் கறுத்துப்போன ஒரு இரும்புக் கொக்கி. "முன்னாடி ஊஞ்சல் கிடந்ததும்மா" என்றவன் ஏணி கொண்டுவந்து, கொக்கியைப் பிடித்துத் தானே ஒரு தடவை தொங்கிப் பார்த்து, "தாங்கும்" என்றான். என் பழைய நூல் சேலையைக் கட்டினோம். கீழே தலையணை போடச் சொன்னதும் அவன்தான்.

மறுநாள் விடியற்காலையில் பாபநாசம் வழியாக இருபது கிலோமீட்டர். காரை விட்டு இறங்குவதற்குள் நெய் டப்பாவும் அர்ச்சனைத் தட்டுமாகச் சூழ்ந்துகொண்டார்கள். ஒருவன் 500 கொடுத்தால் நேரே சன்னதிக்குக் கூட்டிப்போகிறேன் என்றான், வேண்டாம் என்றதற்கு "குழந்தைக்குச் செய்யக் கணக்குப் பார்க்கிறீங்களே" என்று ஒரு பேச்சு! வாயைத் திறந்திருப்பேன், மகள் கையைப் பிடித்துவிட்டாள்.

அங்கே சிவனான முல்லைவனநாதரைப் பார்த்துவிட்டு (கும்பேஸ்வரரைப் போலவே இவருக்கும் புனுகு சாத்துவதுதான், அபிஷேகம் கிடையாது) அம்பாள் சன்னதிக்கு வந்தால் தள்ளுமுள்ளு. அந்த நெரிசலில் படியருகே ஒரு சின்னப் பெண் குனிந்து நெய்யால் மெழுகிக்கொண்டிருந்தாள். விரல் நடுங்கி, கோலத்தின் ஒரு இழை கோணலாகப் போனது. அதை அழிக்கவா வேண்டாமா என்று அவள் தயங்கி நிமிர்ந்தபோது எதிரே எங்கள் குழந்தை. என் மகள் ஒன்றும் கேட்கவில்லை, அப்படியே உட்கார்ந்து குழந்தையை அவள் மடியில் வைத்துவிட்டாள். நெய்க் கையோடு எப்படித் தொடுவது என்று அந்தப் பெண் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டே இருக்க, பேத்தி அவள் தாலிக்கயிற்றை எட்டிப் பிடித்தாள். பின்னாலிருந்து "நகருங்கம்மா" என்று கத்தல். தலையைத் தூக்கினால் தீபாராதனை, அம்பாள் நெடுநெடுவென்று நின்றுகொண்டிருக்கிறாள். எதையோ வேண்டிக்கொள்ளத்தான் போயிருந்தேன், ஒன்றும் வாயில் வரவில்லை. தாயே, தாயே என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தேன். அந்தப் பெண்ணின் ஊர், பேர் எதுவும் கேட்கவில்லை. தினமும் விளக்கேற்றும்போது அவளும் ஞாபகம் வருகிறாள்.

தங்கத் தொட்டிலில் போட்டதும் பேத்தி ஊரைக் கூட்டினாள், சுற்றி முடிகிறவரை அழுகை. நாங்களும் அழுதோம், அது வேறு அழுகை.

லாட்ஜுக்குத் திரும்பித் தூளியில் போட்டால் மூன்று மணி நேரம் அசையவில்லை. பன்னிரண்டுக்கு ரூமைக் காலி செய்ய வேண்டும். எழுப்பலாமா என்று நான் தவித்துக்கொண்டிருக்க, கீழேயிருந்து மேனேஜரே வந்து எட்டிப் பார்த்தார். "ராத்திரி வண்டிதானே, இருங்க. முழிச்சதும் சொல்லுங்க, பாலுக்கு வெந்நீர் அனுப்பறேன்" என்று செருப்புச் சத்தம் கேட்காமல் இறங்கிப் போனார். கூடுதலாக ஒரு பைசா வாங்கவில்லை.