கல்லுக்கு அடியில்

மே 11
பனியாற்றை அளக்கப் போன பாப்பா, நேபாளத்தில் எவரெஸ்ட் பக்கத்து லொபுச்சே போய்ச் சேர்ந்துவிட்டாள். 4,900 மீட்டருக்கு மேல். குரல் மட்டும் வந்தது. இருமுகிறாள்.

மே 12
இங்கே பினாங்கில் பத்து மணி என்றால் அங்கே ஏழே முக்கால். ராத்திரி முழுக்க இந்தக் கணக்குதான்.

மே 14
பனியைத் துளைத்து மூங்கில் நட்டிருக்கிறார்களாம். பனி உருக உருக மூங்கில் வெளியே தெரியும். எவ்வளவு உருகியது என்று அறிய, தெரிவதை அளக்க வேண்டும். “கும்பு பனியாறு கீழே வெள்ளையாவே இருக்காதும்மா, முழுக்கக் கல்லும் மண்ணும்தான்” என்றாள். தூசி லேசாகப் படிந்தால் வெயிலை இழுத்துப் பனியைச் சீக்கிரம் கரைத்துவிடும். அதே மண் சில சென்டிமீட்டர் கனத்துக்கு மேல் மூடினால் சூடு கீழே இறங்காது. 1959-லேயே குன்னார் ஓஸ்ட்ரெம் என்ற பனியாற்று ஆய்வாளர் இதை ஸ்வீடன் பனியாற்றில் அளந்து எழுதிவிட்டார்.

எனக்கு அப்பா ஞாபகம். சௌராஸ்டா பசாரில் ஐஸ் கட்டியை மரத்தூளில் புதைத்து, மேலே சாக்கைப் போட்டு மூடுவார். மத்தியானம் வரை அப்படியே இருக்கும்.

மே 15
பால்கனியில் மூன்று ஐஸ் கட்டி வைத்தேன். ஒன்று வெறுமனே. ஒன்றின்மேல் சாம்பிராணிக் கரியைப் பொடித்துத் தூவினேன். மூன்றாவதைத் தொட்டி மண்ணால் கனமாக மூடினேன். கரி போட்டதுதான் முதலில் கரைந்தது. மண்ணுக்கு அடியில் இருந்தது கடைசிவரை நின்றது. படம் எடுத்து அவளுக்கு அனுப்பினேன்.

ஒரு டிக்.

மே 16
இன்னும் ஒரு டிக்தான்.

மே 17
மழை. கொடிமலை தெரியவில்லை. வெயிலே இல்லை, ஆனாலும் மறுபடி வைத்த ஐஸ் நிற்கவில்லை. ஈரக்காற்றிலிருக்கும் நீராவி ஐஸ்மேல் படியும்போது தன் சூட்டைக் கொடுத்துவிடுகிறது. ஒரு கிராம் படிந்தால் சுமார் ஏழரை கிராம் பனி உருகும். அங்கே காற்று காய்ந்தே இருக்கட்டும். ராத்திரி மேகம் வேண்டாம், அப்போதுதான் மேல்பனி திரும்ப இறுகும். ஜூனில் பருவமழை வந்துவிடுமே. அதற்குள் இறங்கிவிடுவாளா?

மே 18
தூக்கமில்லை. கல் மூடிய இடம் பத்திரம் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். நடுவில் குளங்கள் இருக்கின்றன, செங்குத்தான பனிச்சுவர்கள் இருக்கின்றன. சுவரில் கல் தங்காது, சரிந்துவிடும். அங்கேதான் பனி வேகமாக உருகுகிறது. அந்தச் சுவர்களையும் அளக்கவேண்டும் என்று போன வாரம் சொன்னாள். முன்னால் யார் நடப்பார்கள்? கயிறு கட்டிக்கொள்வார்களா? ஒன்றுமே கேட்கவில்லையே நான்.

1997 மே 23. நம் மலேசியாவின் மகேந்திரனும் மோகன்தாஸும் எவரெஸ்ட் உச்சியைத் தொட்ட அன்று பாப்பா என் வயிற்றில். டிவி முன்னால் நின்று கைதட்டினேன். அவர்களைப் பெற்றவர்கள் அந்த ராத்திரிகளை எப்படிக் கழித்தார்களோ, அன்று எனக்குத் தோன்றவே இல்லை.

மே 19
காலை 6.40. இரண்டு டிக். இன்னும் நீலமாகவில்லை.