தம்பியின் என்.ஓ.சி. வந்த கதை

பெரிய கால்பந்து கிளப்பின் அகாடமியிலிருந்து ஒரு பையனைக் கழற்றிவிட நாலு வரி மின்னஞ்சல் போதும். அதே பையனுக்கு என்.ஓ.சி. என்கிற தடையில்லாச் சான்று வாங்கி, சென்னையில் ஒரு சின்ன கிளப்பில் பதிவு செய்வதற்குள் எனக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது. என் தம்பியின் நிலையில் இருக்கும் பையன்கள் நீலகிரி மலையில் இன்னும் சிலர் இருக்கிறார்கள். அவர்கள் வீட்டில் தாள்களைத் தூக்கிக்கொண்டு அலையப்போகிறவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

தம்பி 15 வயதில் கோத்தகிரியை விட்டு வெளிமாநில அகாடமிக்குப் போனான். விடுதி, யூத் லீக், அதன்பின் முதல் அணிக்கு அடுத்த ரிசர்வ் அணி என்று எல்லாம் ஒழுங்காகவே போயிற்று. 2025 ஜூலையில் ஐ.எஸ்.எல். என்கிற இந்தியன் சூப்பர் லீக் தொடரையே நிறுத்தி வைப்பதாக அறிவிப்பு வந்தது. தொடரை நடத்தும் நிறுவனத்துக்கும் அகில இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்புக்கும் 2010இல் போட்ட ஒப்பந்தம் அந்த டிசம்பரோடு முடியவிருந்தது, புதுப்பிப்பதில் இழுபறி. முதல் அணியின் சம்பளத்துக்கே வழி தெரியாமல் கிளப்கள் கையைப் பிசைந்துகொண்டிருந்தபோது, ரிசர்வ் பையன்களை யார் கட்டிக் காப்பார்கள்? "அடுத்த பருவத்துக்கான திட்டத்தில் நீங்கள் இல்லை" என்று மின்னஞ்சல் வந்தது. பெட்டியோடு ஊர் வந்து சேர்ந்தான்.

தேயிலைத் தோட்டத்து லைன் வீட்டில் ரகசியம் எதுவும் தங்காது. "என்னப்பா, லீவா?" என்று கேட்டவர்களே மறுநாளும் கேட்டார்கள். அவன் காந்தி மைதானத்துப் பக்கம் போவதையே நிறுத்திவிட்டான். ஆறுதல் சொல்ல வந்த சொந்தக்காரர்கள் எல்லோரும் இங்கிலாந்து ஆட்டக்காரர் ஜேமி வார்டி கதையைத்தான் சொன்னார்கள். 16 வயதில் ஷெஃபீல்டு வெட்னஸ்டே கிளப் வேண்டாம் என்று அனுப்பிவிட்டதாம். தொழிற்சாலையில் வேலை பார்த்துக்கொண்டே கீழ்நிலை லீக்கில் ஆடினாராம். 2012இல் லெஸ்டர் கிளப் எடுத்துக்கொண்டதாம். 2016இல் பிரீமியர் லீக் கோப்பையாம். எல்லாம் உண்மைதான். வார்டிக்கு ரிலீஸ் கடிதம் வாங்கிக் கொடுத்தது யார் என்று மட்டும் ஒருவரும் சொல்லவில்லை.

அகாடமியில் உடன் இருந்த பையன் ஒருவன் மூலம் சென்னை லீக்கில், சீனியர் டிவிஷனுக்குக் கீழே ஆடும் ஒரு கிளப் கிடைத்தது. ஒரு சோதனை ஆட்டம், உடனே சரி என்றார்கள். சம்பளம் கிடையாது, தங்க இடம், சாப்பாடு, ஆட்டத்துக்கு ஆட்டம் கைச்செலவுக்குக் காசு. அவன் முகத்தில் வெளிச்சம் வந்ததே எங்களுக்குப் பெரிது.

பிறகுதான் கூட்டமைப்பின் சி.ஆர்.எஸ். என்கிற ஆன்லைன் ஆட்டக்காரர் பதிவு முறை வந்து வழிமறித்தது. ஒரு ஆட்டக்காரனுக்கு ஒரே ஐ.டி. புது கிளப் விண்ணப்பம் போட வேண்டும், பழைய கிளப் விடுவிக்க வேண்டும் (அதுதான் என்.ஓ.சி.), மாநிலம் மாறினால் இரண்டு மாநிலச் சங்கங்களும் தலையாட்ட வேண்டும். காதில் கேட்க எளிமையாகத்தான் இருக்கிறது. தம்பியின் பதிவில் இருந்த மின்னஞ்சலும் கைபேசி எண்ணும் அவனுடையவை அல்ல, அகாடமியில் அப்போது வேலை பார்த்த ஒருவருடையவை. அவரும் வேலையை விட்டுப் போய்விட்டார். ஐ.டி. எண் தம்பிக்கும் தெரியவில்லை. சென்னை கிளப்பில் கணினி பார்க்கும் பையன், தேடிப் பார்த்துக் கிடைக்காததால், நல்லெண்ணத்தோடு புதிதாக ஒரு ஐ.டி. உருவாக்கிவிட்டான்.

இதை மட்டும் எக்காரணம் கொண்டும் நடக்க விடாதீர்கள். ஒரே ஆளுக்கு இரண்டு பதிவு இருந்தால் சங்கத்தில் முதலில் எழும் சந்தேகம் வயது மோசடி. எங்கள் விஷயத்தில் இரண்டு பதிவிலும் பிறந்த தேதி ஒன்றுதான். அப்பாவின் பெயர்தான் வேறு.

அதற்கு ஒரு பழைய கதை இருக்கிறது. தாத்தா, இலங்கைத் தோட்டத் தமிழர்களை இந்தியாவுக்கு அனுப்பிய 1964 சிறிமாவோ – சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி தலைமன்னாரில் கப்பலேறி ராமேஸ்வரம் வந்து, அங்கிருந்து மலையேறியவர். அவருடைய குடும்ப அட்டையில் அப்பாவின் பெயரை எவரோ ஒரு குமாஸ்தா தன் காதில் விழுந்தபடி எழுதிவைத்தார். தம்பியின் பிறப்புச் சான்றிதழ் அந்த எழுத்தைப் பின்பற்றியது. பள்ளிச் சான்றிதழும் ஆதாரும் வேறு எழுத்து. அகாடமியில் நம் முதலெழுத்து வழக்கம் புரியாமல், அப்பா பெயரை முழுதாக விரித்து, அதிலும் ஒரு எழுத்தை விழுங்கி, குடும்பப் பெயராக ஏற்றியிருந்தார்கள். எப்போதோ ஒரு மேசையில் விழுந்த பிழை, மூன்றாம் தலைமுறையின் கால்பந்து வரை உருண்டு வந்துவிட்டது.

நோட்டரி முன் உறுதிமொழிப் பத்திரம் போட்டால் தீரும் என்றார்கள். போட்டோம். டைப் செய்தவர் நான்காவதாக ஒரு எழுத்துக்கூட்டலைக் கண்டுபிடித்தார். கையெழுத்துப் போடும் முன் ஒவ்வொரு எழுத்தாக விரல் வைத்துப் படித்ததால் பிழைத்தோம். நான் கூட்டுறவுத் தேயிலைத் தொழிற்சாலையில் கணக்கு எழுதுகிறவள். அந்தப் பழக்கம் கைகொடுத்தது. மாநிலச் சங்கத்தில் இருந்தவர்கள் தாள்களைப் பார்த்துவிட்டு இரண்டாவது ஐ.டி.யை நீக்கி, பழைய பதிவில் தம்பியின் சொந்த எண்ணையும் சேர்க்க வழி செய்தார்கள். எங்கும் குறை சொல்லிக்கொண்டே வரும் நான் அவர்களுக்கு நன்றி சொல்லாமல் விட்டால் பாவம்.

இடையில் சென்னை கிளப்பின் செயலாளர் அழைத்தார். ஒரிஜினல் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு உடனே வாருங்கள், வார இறுதியில் ஆட்டம் இருக்கிறது, இறக்கிவிடலாம் என்றார். அரைகுறை விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு, மேட்டுப்பாளையம் இறங்கி, நீலகிரி எக்ஸ்பிரஸ் பிடித்துப் போனோம். செயலாளர் மடிக்கணினியை எங்கள் பக்கம் திருப்பினார். பழைய கிளப்பின் பெயர், அதற்கு நேரே மஞ்சள் கட்டத்தில் 'நிலுவையில்' என்று இருந்தது. விடுவிப்பு வரவே இல்லை. வந்துவிட்டது என்று அவரிடம் யார் சொன்னார்கள் என்று கேட்டேன். வந்திருக்கும் என்று நினைத்தாராம். பதிவு இல்லாதவன் மாற்று ஆட்டக்காரர் பெஞ்சில்கூட உட்கார முடியாது. தம்பி அன்று வேலிக்கு வெளியே நின்று, தன்னுடைய இடமான, வலப்பக்கத் தடுப்பாட்டம் ஆடும் ரைட் பேக்கில் வேறொருவன் ஆடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தான். கிளம்பும் முன் திரையில் இருப்பதைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். வாய்ச்சொல்லை நம்பி மலையிறங்காதீர்கள்.

இனி அந்தப் பழைய கிளப். தொலைபேசியை எடுப்பவர் ஒரே ஆள்தான். மேலாளர் வெளியூரில் இருக்கிறார் என்பார். மின்னஞ்சல் போடுங்கள் என்பார். போட்ட மின்னஞ்சலைப் பார்க்கவில்லை என்பார். ஒருநாள் புதிதாக ஒன்று சொன்னார்.

"மேடம், கிளப்பின் செயல்பாடுகளையே நிறுத்தி வைத்திருக்கிறோம். இந்த நிலையில் என்.ஓ.சி. எப்படிக் கொடுப்பது?"

"செயல்படாத கிளப்புக்கு என் தம்பி எதற்கு?" என்று கேட்டேன். இணைப்பைத் துண்டித்துவிட்டார்.

இதற்குள் சென்னைக்காரர்களுக்கும் ஒரு பயம் வந்துவிட்டது. நாளைக்குப் பழைய கிளப், பையனை வளர்த்துவிட்டதற்காகப் பயிற்சி இழப்பீடு கேட்டு வந்தால் யார் கட்டுவது? வாடகைப் பந்து வைத்து ஆடும் கிளப், அவர்களைக் குறை சொல்ல முடியாது. ஃபிஃபா விதிகளில் இந்த இழப்பீடு, ஆட்டக்காரன் முதல் தொழில்முறை ஒப்பந்தம் போடும்போதும், 23 வயதாகும் ஆண்டு வரை தொழில்முறை ஆட்டக்காரனாக கிளப் மாறும்போதும் எழுவது. உள்நாட்டு மாற்றத்துக்குக் கூட்டமைப்பு தனியாக விதி வைத்திருக்கிறது. தம்பி சென்னையில் சம்பளமில்லாத அமெச்சூராகத்தான் பதிகிறான் என்று எடுத்துச் சொன்னேன். "அகாடமியில் போட்ட ஒப்பந்தம் அமெச்சூரா, தொழில்முறையா?" என்று செயலாளர் கேட்டார். நல்ல கேள்வி. அப்பா கையெழுத்துப் போட்ட அந்தத் தாளின் நகலை எங்களுக்குக் கொடுக்கவே இல்லை. கடைசியில் சி.ஆர்.எஸ். பதிவைத் திறந்து பார்த்தபோது 'அமெச்சூர்' என்று இருந்தது. அதன்பிறகுதான் அவருக்கு மூச்சு வந்தது.

கிளப் மாற அனுமதிக்கும் இடமாற்றக் காலம் முடிய அதிக நாள் இல்லை. கெஞ்சுவதை நிறுத்திவிட்டு, ஒரு மின்னஞ்சல் எழுதினேன். அவர்களே தம்பியை விடுவித்து அனுப்பிய மின்னஞ்சலை இணைத்தேன். எந்தெந்தத் தேதியில் கேட்டோம், என்ன பதில் வந்தது என்பதை வரிசையாக எழுதினேன். அழுகை, ஆத்திரம் எதுவும் இல்லை. இரண்டு மாநிலச் சங்கங்களுக்கும் நகல். குறிப்பிட்ட தேதிக்குள் விடுவிக்காவிட்டால் ஆட்டக்காரர், கிளப் தகராறுகளைப் பார்க்கும் கூட்டமைப்பின் ஆட்டக்காரர் நிலைக் குழுவிடம் முறையிடுவோம் என்று கடைசி வரி. மறுநாள் மதியச் சாப்பாட்டுக்குள் மஞ்சள் கட்டம் பச்சையாகிவிட்டது. வெளியூரில் இருந்த மேலாளர் ஊர் திரும்பிவிட்டார் போலிருக்கிறது. இழப்பீடு எதுவும் கோர மாட்டோம் என்ற கடிதமும் கூடவே வந்தது. அதை நான் லேமினேட் செய்து வைத்திருக்கிறேன், சிரிக்காதீர்கள்.

அகாடமியில் பிள்ளை இருக்கும்போதே, உறவு நன்றாக இருக்கும்போதே, கையெழுத்துப் போடும் எல்லாத் தாளுக்கும் நகல் கேளுங்கள். பதிவில் உங்கள் கைபேசி எண் இருக்கிறதா என்று பாருங்கள். வெளியே அனுப்பினால், விடுதி அறையைக் காலி செய்யும் முன் தேதி போட்ட ரிலீஸ் கடிதமும், காயத்துக்கு எடுத்த ஸ்கேன் படங்களும் கைக்கு வர வேண்டும். தம்பியின் முழங்கால் ஸ்கேன் இன்னும் அங்கேயே கிடக்கிறது. சென்னையில் மறுபடி காசு கொடுத்து எடுத்தோம்.

தம்பி இப்போது ஆடுகிறான். வெயில்தான் அவனை வாட்டுகிறது. இரண்டாம் பாதியில் கால் பிடித்துக்கொள்கிறது என்று அம்மாவிடம் புலம்புகிறான். தேசிய அளவில் நடக்கும் ஐ-லீக் மூன்றாம் பிரிவில் ஆடும் அணி ஏதாவது பார்க்காதா என்று ஒரு ஆசை, அது அவன் பாடு. என் பாடு வேறு: கல்லூரியில் விளையாட்டு ஒதுக்கீட்டில் இடம் கேட்க, யூத் லீக்கில் ஆடியதற்கான சான்றிதழ்கள் வேண்டும். அவையும் அதே பழைய கிளப்பிடம்தான் இருக்கின்றன. இம்முறை தொலைபேசியில் அழைக்கவில்லை. முதல் மின்னஞ்சலிலேயே இரண்டு சங்கங்களுக்கும் நகல் போட்டுவிட்டேன்.