யாழ்ப்பாணத்தைத் தேடினால் வண்ணம் வந்தது

கொழும்பு வெள்ளவத்தையில் நாங்கள் சிலர் சேர்ந்து நடத்தும் சிறிய வாசிகசாலையின் புத்தகப் பட்டியல் யாரும் நிரலைப் பார்த்துத் திருத்தக்கூடிய ஒரு திறந்த மூல மென்பொருளில் இருக்கிறது. பைத்தான் மொழியில் எழுதப்பட்டது. காசு கேட்பதில்லை, பழைய மடிக்கணினியிலும் முனகாமல் ஓடும். ஆங்கிலப் புத்தகங்களை நொடியில் எடுத்துக் கொடுக்கும். தமிழில்தான் வினோதம். ‘மரம்’ என்று தேடினால் சரியாக வரும். ‘கொழும்பு’ என்று தேடினால் ஒன்றுமே வராது. ‘யாழ்ப்பாணம்’ என்று தேடினால் வண்ணம் தீட்டும் சிறுவர் புத்தகம் வரும்.

வாசிகசாலையைப் பார்த்துக்கொள்ளும் அக்கா இதை என்னிடம் சொன்னபோது, “தம்பி, கணினி இருக்கட்டும், நான் கொப்பியிலேயே தேடிக்கொள்கிறேன்” என்று முடித்துவிட்டார். எனக்கு மனம் கேட்கவில்லை. ஒரேயடியாகப் பிழைத்தால் விட்டுவிடலாம். ‘மரம்’ மட்டும் சரியாக வந்தால் அதற்குக் காரணம் இருந்தே ஆக வேண்டும்.

மூல நிரலைப் பிரதியெடுத்துத் தேடல் பகுதியைத் திறந்து பார்த்தேன். தலைப்பைச் சொல் சொல்லாகப் பிரித்துச் சுட்டியில், அதாவது தேடலுக்கான சொற்பட்டியலில், சேர்க்கும் வேலையை ஒரே ஒரு வரி செய்துகொண்டிருந்தது. பைத்தானில் எழுத்துக் கோலங்களைத் தேட உதவும் ரெகுலர் எக்ஸ்பிரஷனில் ‘சொல்லில் வரக்கூடிய எழுத்து’ என்பதற்கு ஒரு குறியீடு உண்டு. அது எழுத்துகளையும் எண்களையும் ஏற்கும். ஆனால் எல்லா மொழி எழுத்துகளுக்கும் எண் கொடுக்கும் யூனிகோட் தரத்தின் கணக்கில் நம்முடைய கால், கொம்பு, புள்ளி எல்லாம் எழுத்து வகையில் இல்லை, குறி வகையில் இருக்கின்றன. ஆகவே பைத்தான் ஒவ்வொரு குறியிலும் முருங்கைக்காயை நறுக்குவது போலச் சொல்லை நறுக்கிவிடுகிறது. ‘கொழும்பு’ க, ழ, ம, ப என்று நாலு துண்டாகிறது. ஓரெழுத்துத் துண்டுகளைச் சுட்டியில் சேர்க்க வேண்டாம் என்று இன்னொரு வரி சொல்கிறது. தேடும் சொல்லுக்கும் இதே கதிதான். கொழும்பு காணாமற்போனது இப்படித்தான்.

‘மரம்’ தப்பியதற்கும் இதுவே காரணம். அதில் கடைசிப் புள்ளியைத் தவிர வேறு குறி கிடையாது. ‘மரம’ என்று முழுசாக மிஞ்சுகிறது. ‘யாழ்ப்பாணம்’ சிதறியபின் மிஞ்சுவது ‘ணம’ மட்டும். வண்ணம், எண்ணம், கிண்ணம், குணம் எல்லாவற்றிலும் அதே ‘ணம’ மிஞ்சும். இது தெரிந்த இரவு தனியே சிரித்துக்கொண்டிருந்தேன். இத்தனை ஒழுங்கான பிழையை நான் பார்த்ததில்லை.

என் மருமகன் மென்பொருள் நிறுவனம் ஒன்றில் வேலை பார்க்கிறான். திருத்தி அனுப்பிவிடலாமா என்று கேட்டேன். “மாமா, திருத்தத்தை முதலில் அனுப்பாதீர்கள். உடைவதைக் காட்டும் சோதனை நிரலை முதலில் அனுப்புங்கள். அவர்களுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது, தோற்கும் சோதனையை வாசிக்கத் தெரியும்” என்றான். இந்த வேலை முழுவதிலும் எனக்குக் கிடைத்த ஆகச் சிறந்த ஆலோசனை அதுதான்.

(கொழும்புக்குத் திறந்த மூல மென்பொருளில் கைவைக்கும் வழக்கம் புதிதல்ல. 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு காணாமற்போனவர்களையும் முகாம்களையும் பதிவுசெய்ய இங்குள்ள தன்னார்வலர்கள் எழுதிய சஹானா திறந்த மூல மென்பொருளாகவே வெளிவந்தது; பின்னர் வேறு நாடுகளின் பேரிடர்களிலும் பயன்பட்டது. நான் செய்தது அதன் பக்கத்தில் வைக்கத் தக்கதல்ல. ஆனாலும் மென்பொருள் எங்கிருந்தோ வந்து இறங்கும் பொருள் என்று இந்த ஊரில் இருந்துகொண்டு சொல்ல முடியாது.)

போயா விடுமுறை நாளில் உட்கார்ந்து, அந்த நிரல் இருக்கும் கிட்ஹப் இணையதளத்தில் முறைப்பாட்டை எழுதினேன். ‘தமிழ் வேலை செய்யவில்லை’ என்று எழுதினால் யாருக்கும் பயனில்லை. ‘கொழும்பு’ என்ற சொல், அது யூனிகோடில் எட்டுக் குறியீடுகளாகச் சேமிக்கப்படும் வரிசை, அவற்றில் எவை எழுத்து, எவை குறி, நிரல் தரும் நாலு துண்டுகள், வர வேண்டிய ஒரே சொல் என்று வரிசையாக வைத்தேன். மொழிப் பற்று, பழைமை, பேசுவோர் தொகை எதையும் சேர்க்கவில்லை. திட்டத்தின் பராமரிப்பாளர் வேறொரு கண்டத்தில் இருப்பவர். தாமதமின்றிப் பதில் எழுதினார்: பிழை தெளிவாகத் தெரிகிறது, திருத்தம் அனுப்பினால் பார்க்கிறேன், பிறர் எழுதிய நிரல் தொகுப்பு எதையும் புதிதாகச் சேர்க்காமல் முடியுமா?

அந்தக் கடைசிக் கேள்வி வேலையைக் கூட்டியது. குறிகளையும் சேர்த்துப் பார்க்கத் தெரிந்த வெளித்தொகுப்பு ஒன்று இருக்கிறது. அதை இறக்கியிருந்தால் ஒரே வரியில் முடிந்திருக்கும். அவர் தயங்கியதில் நியாயம் உண்டு. ஒவ்வொரு தொகுப்பும் நாளைக்கு அவர் தலையில் விழும் பராமரிப்பு. ஆகவே பைத்தானுடன் கூடவே வரும் யூனிகோட் தரவை வைத்து, ஒவ்வொரு குறியீட்டின் வகையையும் கேட்டு, எழுத்து, குறி, எண் மூன்றையும் சொல்லுக்குள் விட்டு, மற்றதில் வெட்டும் சிறு செயற்கூறு ஒன்று எழுதினேன். நீளம் அதிகமில்லை. வாசித்தால் விளங்கும்.

அத்தோடு இன்னொரு சிக்கலும் கிளம்பியது. எங்கள் பட்டியலின் பழைய பதிவுகள் பாமினி எழுத்துருவில் அடித்து, பிறகு யூனிகோடுக்கு மாற்றியவை. மாற்றிக் கொடுத்த கருவி ‘கொ’வை க, ஒற்றைக் கொம்பு, கால் என்று மூன்றாகப் போட்டிருந்தது. இன்றைய விசைப்பலகையில் அடித்தால் க, அடுத்து கொம்பும் காலும் சேர்ந்த ஒரே குறி என்று இரண்டாக விழும். கண்ணுக்கு வித்தியாசமே இல்லை, கணினிக்கு வேறு வேறு சொல். இதற்கு யூனிகோடிலேயே மருந்து இருக்கிறது: என்எஃப்சி என்ற இயல்பாக்கம் இரண்டையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவந்துவிடும். சுட்டியில் சேர்க்கும்போதும் தேடும்போதும் அதை ஓட்டினால் போதும்.

கந்தோரில் என் பக்கத்து மேசைக்காரர் சிங்களவர். மதியச் சாப்பாட்டு நேரத்தில் அவரிடம் காட்டினேன். சிங்களத்தில் ‘ஸ்ரீ லங்கா’ என்று அடித்துப் பார்த்தார்; முதற்சொல் நடுவில் முறிந்தது. சிங்களக் கூட்டெழுத்துகளுக்கு நடுவே அகலமே இல்லாத இணைப்புக் குறி ஒன்று ஒளிந்திருக்கிறது. அது எழுத்தும் அல்ல, குறியும் அல்ல, மூன்றாவது வகை. இரண்டு எழுத்துகளுக்கு நடுவே வந்தால் அதையும் விடு என்று சேர்த்துவிட்டு, அவர் அடித்த சொல்லையே சோதனைக் கோப்பில் போட்டேன். தமிழ்ப் புத்தகமும் சிங்களப் புத்தகமும் ஒரே தட்டில் இருக்கும் ஊரில் ஒன்றை மட்டும் சரிசெய்து அனுப்புவது அழகில்லை.

திருத்தத்தை இணைத்துக்கொள்ளக் கேட்கும் புல் ரிக்வெஸ்ட் அனுப்பியதும் தானியங்கிச் சோதனைகள் வரி நீளத்துக்காகச் சிணுங்கின. அது பெரிய விஷயமில்லை. பராமரிப்பாளரின் கேள்விதான் கனமானது: ஏற்கெனவே பழைய முறையில் சுட்டி கட்டி வைத்திருப்பவர்கள் என்ன செய்வார்கள்? மென்பொருளைப் புதுப்பித்தவுடன் தேடும் சொல் முழுசாக இருக்கும், சுட்டியில் துண்டுகள் கிடக்கும். அதுவரை வந்த ‘மரம்’கூட வராது. ஆகவே சுட்டியின் பதிப்பெண்ணைப் பார்த்து, பழையது என்றால் மறுபடி கட்டச் சொல்லும் எச்சரிக்கை ஒன்றும், மாற்றக் குறிப்பில் இரண்டு வரியும் எழுத வேண்டியதாயிற்று. திருத்தத்தைவிட இந்த ஏற்பாடு நீண்டது. ஆனால் ஆள் இதைக் கேட்காமல் ஏற்றுக்கொண்டிருந்தால் அந்த மென்பொருளை நான் அதற்குப் பிறகு நம்பியிருக்க மாட்டேன்.

இணைத்துவிட்டார்கள். அடுத்த பதிப்பில் வந்தும் விட்டது. எங்கள் பட்டியலை மறுபடி சுட்டி கட்டினோம். யாழ்ப்பாணம் என்றால் யாழ்ப்பாணம் வருகிறது.

மிச்சம் இருப்பது தமிழ் ஸ்ரீ. அதை ஸகரத்தில் தொடங்கியும் எழுதலாம், 2005இல் யூனிகோடில் சேர்ந்த ஶகரத்தில் தொடங்கியும் எழுதலாம். பெரும்பாலான எழுத்துருக்களில் இரண்டும் ஒரே உருவம். என்எஃப்சி இவற்றைத் தொடாது, ஏனென்றால் யூனிகோட் கணக்கில் இவை உண்மையிலேயே வேறு எழுத்துகள். எங்களிடம் உள்ள கோயில் கும்பாபிஷேக மலர்களில் பாதி ‘ஸ்ரீ’யில்தான் தொடங்குகின்றன. இதைத் தனி முறைப்பாடாகத் திறந்தேன். மொழிக்கு மொழி மாறும் விதிகளைப் பொது நிரலில் திணிக்க வேண்டாம், தனி இணைப்பாக வைக்கலாமா என்று பராமரிப்பாளர் கேட்டிருக்கிறார். எனக்கும் அது சரியாகவே படுகிறது. அதற்கு நிரலின் தனிப் பிரதியாகப் புதிய கிளை எடுத்திருக்கிறேன். அதில் இப்போதைக்கு ஒரு சோதனை மட்டும் இருக்கிறது. அது தோற்கிறது, தோற்கத்தான் வேண்டும்.