மாத்திரைக்குப் பின்னாடி ஒரு கோழி

"அதான் கொலஸ்ட்ரால் நார்மல் ஆயிடுச்சே தம்பி, இன்னும் எதுக்கு இந்த மாத்திரை?"

மெடிக்கல்ல எனக்கு முன்னாடி நின்ன அம்மா கேட்டாங்க. ரிப்போர்ட்ட நாலா மடிச்சு கையில வச்சிருந்தாங்க, எல்டிஎல், அதாவது கெட்ட கொலஸ்ட்ரால், 92ன்னு பேனாவால வட்டம் போட்டிருந்துச்சு.

அம்மா, மாத்திரை போடுறதாலதான் 92. டாக்டர கேக்காம நிறுத்தினா திரும்ப ஏறிடும்.

ஸ்டாடின்ங்கிற இந்த கொலஸ்ட்ரால் மாத்திரை லேசுல வந்துடல. ஜப்பான்ல அகிரா எண்டோன்னு ஒரு விஞ்ஞானி ஆயிரக்கணக்கான பூஞ்சைய சோதிச்சு 1973ல பென்சிலியம்ங்கிற ஒரு பூஞ்சையில முதல் ஸ்டாடின கண்டுபிடிச்சார், கல்லீரல் கொலஸ்ட்ரால் தயாரிக்கிறதுக்கு வேணுங்கிற என்சைமை அது தடுக்குது, அப்போ கல்லீரல் ரத்தத்துல இருக்குற எல்டிஎல்ல இழுத்துக்குது.

ஆனா எலிக்குக் கொடுத்தா குறையவே இல்ல. வேற யாராவதா இருந்தா ஃபைல மூடியிருப்பாங்க. முட்டை போடுற கோழிக்குக் கொடுத்தாங்க, மடமடன்னு இறங்குச்சு!

ஸ்டாடின் கடைக்கு மாத்திரையா வந்தது 1987ல.

இப்போ எல்டிஎல்ல குறைக்க இன்க்ளிசிரான்னு ஒரு ஊசி, ஆரம்ப டோஸ் முடிஞ்சா வருஷத்துக்கு ரெண்டு தடவ போதும். பரம்பரையாவே எல்டிஎல் எகிறுற குடும்பங்கள்ல சின்ன வயசுலயே ஹார்ட் அட்டாக் வருது, அவங்களுக்காகவாவது விலை இறங்கி நம்ம ஜிஎச் வரைக்கும் அது வரணும்.