பாம்பன் பாலமும் பிரான்சின் மலைகளும்

17 ஜூலை 2025, வியாழன்

ஆடி பிறந்துவிட்டது. காலையில் பாம்பனிலிருந்து மண்டபத்திலுள்ள என் சைக்கிள் கடைக்கு வருவதற்குள், மன்னார் வளைகுடாப் பக்கமிருந்து அடித்த கச்சான் காற்று இரண்டு முறை என்னைப் பாலத்தின் நடுச்சாலைக்குத் தள்ளிவிட்டது. எங்களுக்கு ஏற்றம் என்று சொல்லிக்கொள்ள இருப்பது 1988-இல் திறக்கப்பட்ட இந்தச் சாலைப் பாலம் ஒன்றுதான். அடியில் படகுகள் போவதற்காக நடுவில் உயர்த்திக் கட்டியிருக்கிறார்கள். ராமேசுவரத்தில் கந்தமாதன பர்வதம் இருக்கிறதே என்று கேட்கலாம். பெயரில்தான் அது பர்வதம், காலுக்கு அது ஒரு மேடு.

இப்படிப்பட்ட ஊரில் இருந்துகொண்டு ஒவ்வொரு ஜூலையிலும் டூர் டி பிரான்ஸ் சைக்கிள் பந்தயத்தின் மலைக்கட்டங்களை விடாமல் பார்க்கிறேன். அங்கே மாலை ஐந்து மணி என்றால் நமக்கு இரவு எட்டரை. கடையைப் பூட்டி, சாப்பிட்டு உட்கார்ந்தால் கடைசி ஏற்றம் தொடங்கியிருக்கும். இன்று பிரனீஸ் மலையில் ஓட்டாக்கம் ஏற்றம். ஏறக்குறைய பதின்மூன்றரைக் கிலோமீட்டர் தூரம், சராசரிச் சரிவு நூற்றுக்கு எட்டுக்குச் சற்றுக் குறைவு. நேற்றுத்தான் கீழே விழுந்து எழுந்த போகாச்சர், உச்சிக்குப் பன்னிரண்டு கிலோமீட்டர் இருக்கும்போதே எல்லோரையும் விட்டுவிட்டுப் போனார். இரண்டாவதாக வந்த விங்கெகோருக்கு இரண்டு நிமிடத்துக்கு மேல் இடைவெளி. ஆனால் அந்த வேகத்தைத் தொடங்கிவைத்தவர் போகாச்சரின் அணியைச் சேர்ந்த நர்வாயஸ். முன்னால் நின்று மூச்சு முட்ட மிதித்துவிட்டு அவர் ஒதுங்கிக்கொண்டதும் கேமரா அவரை விட்டு நகர்ந்துவிட்டது. எனக்கு அவர் எப்போது மேலே வந்து சேர்ந்தார் என்று பார்க்கத்தான் ஆசையாக இருந்தது.

18 ஜூலை, வெள்ளி

அண்ணன் மகன் மண்டபத்தில் பிளஸ் டூ படிக்கிறான். காலையில் இருவரும் சேர்ந்தே பாலத்தைக் கடப்போம். காற்று இடப்பக்கம் முன்னாலிருந்து வருவதால், பின்னால் வருபவனுக்கு மறைவு நேர் பின்னால் கிடைக்காது, சற்று வலப்புறம் தள்ளித்தான் கிடைக்கும். பாலத்தின் முதல் பாதிக்கு நான் முன்னால் போவேன், மறுபாதிக்கு அவன் போவான். இதை நாங்கள் எங்கும் கற்றுக்கொள்ளவில்லை. பந்தயத்தில் பக்கக்காற்று அடிக்கும்போது வீரர்கள் சாலையின் குறுக்கே சாய்வாக அணிவகுப்பதைப் பின்னர் திரையில் பார்த்தபோதுதான், நாங்கள் செய்வதும் அதுதான் என்று தெரிந்தது.

இன்று கடையில் அவன் பில் புத்தகத்தின் பின்பக்கத்தில் ஒரு கணக்குப் போட்டான். என் எடை எழுபது கிலோ, சைக்கிள் இருபது கிலோ. எதிரே மணிக்கு முப்பது கிலோமீட்டர் காற்று அடிக்கும்போது பதினொரு கிலோமீட்டர் வேகத்தில் மிதித்தால், காற்றில்லாத நாளில் நூற்றுக்கு ஐந்து சரிவுள்ள மலையில் அதே வேகத்தில் ஏறுவதற்குத் தேவையான விசைதான் தோராயமாக வருகிறது. “சித்தப்பா, நீங்க தினமும் மலைதான் ஏறுறீங்க” என்றான். கேட்க இனிமையாகத்தான் இருந்தது. ஆனால் காற்றென்றால் இன்னொருவர் முதுகுக்குப் பின்னால் ஒதுங்கலாம்; எடையை அப்படி யாரிடமும் கொடுத்துவைக்க முடியாது. சமதரையில் கூட்டத்துக்குள் புகுந்துகொண்டால் கிடைக்கிற பெரும் மிச்சம், செங்குத்தில் வேகம் குறையக் குறைய அற்பமாகிவிடுகிறது. மலைக்கட்டத்தில் கூட்டம் உதிர்ந்துபோவதன் காரணம் இதுதான்.

இரவில் பார்த்தது அதற்குச் சாட்சி போலவே அமைந்தது. லூதான்வியேலிலிருந்து பெராகூட் வரை 10.9 கிலோமீட்டர், ஒவ்வொருவரும் தனித்தனியாகக் கடிகாரத்தோடு போட்டியிடும் கட்டம்; கடைசியில் மலைமேலிருக்கும் விமான ஓடுபாதையில் செங்குத்தாக ஏறி முடிக்க வேண்டும். காற்றைக் கிழிப்பதற்கென்றே செய்த சைக்கிளை விங்கெகோர் எடுத்துவந்தார். போகாச்சர் சாதாரணப் பந்தய சைக்கிளிலேயே வந்தார், முப்பத்தாறு வினாடி வித்தியாசத்தில் வென்றார். அவர் எந்தச் சைக்கிளில் வந்திருந்தாலும் வென்றிருப்பார் என்பது என் எண்ணம். பந்தய விதிப்படி ஒரு சைக்கிள் 6.8 கிலோவுக்குக் குறையக்கூடாது. என் கடைக்கு வருகிற மீன் வியாபாரிகளின் சைக்கிளில் கேரியரும் ஸ்டாண்டும் பின்சக்கரமும் சேர்ந்தாலே அந்த எடை வந்துவிடும்.

19 ஜூலை, சனி

இன்றைய கட்டம் போ என்ற ஊரிலிருந்து சூப்பர்பான்யேர் வரை. நடுவில் 2,115 மீட்டர் உயரமுள்ள டூர்மலே. சனிக்கிழமை என்பதால் அண்ணன் மகனும் கடையிலேயே இருந்தான்; வேலைக்கு நடுவே இருவரும் கைப்பேசியை முறை போட்டுப் பார்த்தோம். மேலே ஒரே மூடுபனி. ஏற்றத்திலேயே எவனபோல் என்ற வீரர் சைக்கிளை விட்டு இறங்கிப் பந்தயத்திலிருந்து விலகிவிட்டார். மறுபக்கம் இறங்கிய வீரர்கள் செயின்ட் மாரி த காம்பான் என்ற சிற்றூர் வழியாகக் கண்மூடித் திறப்பதற்குள் போய்விட்டார்கள். நான் அந்த ஊருக்காகத்தான் காத்திருந்தேன்.

1913-இல் இதே டூர்மலே இறக்கத்தில் யூஜின் கிறிஸ்டோஃப் என்பவரின் முன்சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஃபோர்க்கு முறிந்தது. வெற்றி வாய்ப்பு அவர் பக்கம் இருந்த ஆண்டு. பழுதை வீரரே சரிசெய்ய வேண்டும், பிறர் கை படக்கூடாது என்பது அக்கால விதி. முறிந்த சைக்கிளைத் தூக்கிக்கொண்டு பத்துக் கிலோமீட்டருக்கு மேல் நடந்து இந்த ஊருக்கு வந்து, ஒரு கொல்லுப்பட்டறையில் இரும்பைக் காய்ச்சித் தானே அடித்து, மணிக்கணக்கில் போராடி ஃபோர்க்கைச் சேர்த்தார். பந்தய அதிகாரிகள் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். பட்டறையிலிருந்த ஒரு சிறுவன் துருத்தி ஊதினான் என்பதற்காக அவருக்கு அபராத நேரம் விதித்தார்கள்.

என் அப்பா உச்சிப்புளியில் பட்டறை வைத்திருந்தவர். வள்ளங்களுக்கு நங்கூரம் அடித்துக் கொடுப்பார். பள்ளிக்கூடம் விட்டதும் துருத்தி ஊதுவது என் வேலை. ஊதுவதைச் சும்மா காற்றடிப்பதாக நினைப்பவர்கள் ஒரு நாள் ஊதிப் பார்க்க வேண்டும். கரி சிவப்பிலிருந்து மஞ்சளுக்கு மாறும்போது வேகத்தைக் குறைக்கத் தெரிய வேண்டும். ஒரு கணம் கூடினாலும் இரும்பு பொறி விட்டு எரிந்து கெட்டுப்போகும். கொறட்டையும் சுத்தியலையும் பிடித்திருப்பவர் துருத்தியையும் தொட மூன்றாவது கை வேண்டும். ஆகவே அந்த அபராதம் அநியாயம் என்பதே நான் எப்போதும் சொல்வது. அதேசமயம், விதி எழுதிய கை எதைக் கண்டு பயந்தது என்பதும் எனக்குப் புரியாமலில்லை. அந்தச் சிறுவன் ஊதியது உண்மையான உதவிதான், அதில் பாதி வேலை முடிந்துவிட்டது என்று அவர்கள் கண்டிருக்கிறார்கள்.

1919-இல், பந்தயத்தில் முன்னணியில் இருப்பவருக்கான மஞ்சள் சட்டையை முதன்முதலாக அணிந்தவரும் இதே கிறிஸ்டோஃப்தான். அந்த ஆண்டும் ஃபோர்க்கு முறிந்தது, அந்த ஆண்டும் வெற்றி போனது. அக்காலச் சைக்கிளில் பின்சக்கரத்தின் இரு பக்கமும் ஒவ்வொரு பல்சக்கரம் இருக்கும்; மலை வந்தால் இறங்கி, சக்கரத்தைக் கழற்றி, திருப்பி மாட்டிக்கொண்டு ஏறினார்கள். ஓடிக்கொண்டே கியர் மாற்றும் கருவியை இந்தப் பந்தயத்தில் 1937-இல்தான் அனுமதித்தார்கள்.

இன்றைய கட்டத்தில் கடைசியில் வென்றவர் ஆரன்ஸ்மன்.

22 ஜூலை, செவ்வாய்

மோன் வான்டூ. மொட்டை வெள்ளைப் பாறை, காற்றுக்குப் பேர்போன மலை. 2016-இல் காற்று மிஞ்சிப்போய் முடிவிடத்தை ஆறு கிலோமீட்டர் கீழே இறக்கினார்கள். அன்றுதான் ஃப்ரூம் மோட்டார் சைக்கிள் விபத்தில் சைக்கிள் உடைந்து, மஞ்சள் சட்டையோடு ஏற்றத்தில் கால்நடையாக ஓடினார். இன்று பாரே பாந்த்ர் என்ற பிரெஞ்சுக்காரர் கடைசி வளைவில் முந்தி வென்றார். மலையும் காற்றும் ஒன்றாகச் சேர்ந்த இடம் என்பதால் இதை எங்கள் பங்காளி மலை என்று வீட்டில் சொல்வேன். வீட்டில் யாரும் சிரிப்பதில்லை.

24 ஜூலை, வியாழன்

ஆடி அமாவாசை. அக்னி தீர்த்தத்துக்குப் போகும் வண்டிகள் விடியுமுன்பே வரிசைகட்டிவிட்டன. பத்து மணிக்குள் ஏழு பஞ்சர். நெரிசலுக்கு நடுவே பாம்பன் மீன் வியாபாரி ஒருவர் சைக்கிளைத் தூக்கிக்கொண்டு நடந்தே வந்தார். ஃபோர்க்கில், கழுத்தோடு சேரும் இடத்தில், மயிரிழை போன்ற விரிசல். மீன் தண்ணீரும் உப்புக்காற்றும் சேர்ந்து உள்ளிருந்தே தின்றிருக்கின்றன; வெளியே பெயிண்ட் அப்படியே இருந்தது. விரல் நகத்தால் கீறியதும் செதில் செதிலாகத் துரு உதிர்ந்தது. பற்றவைத்துக் கொடுக்கும்படி கெஞ்சினார். இந்த இடத்தில் பற்றவைத்தால் பாலத்து இறக்கத்தில் முகம் போகும் என்று சொல்லிப் புது ஃபோர்க்குதான் போட்டேன். பணத்தை நாலு தவணையாகத் தரட்டும்.

நான் பால்ஸ்களைக் கிரீஸில் பதித்துக் கிண்ணத்தை இறுக்கும்போது, மதியமே வந்துவிட்ட அண்ணன் மகன் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டான். “சித்தப்பா, நான் பிடிக்கிறதுக்கு உங்களுக்கு எத்தனை நிமிஷம் அபராதம்?”

இரவு 2,304 மீட்டர் உயரக் கோல் த லா லோஸ். ஆஸ்திரேலியரான ஓகானர் வென்றார். களைப்பில் பாதியில் தூங்கிவிட்டேன்.

25 ஜூலை, வெள்ளி

லா பிளான்யுக்கு ஏறும் இன்றைய கட்டத்தைக் குறுக்கிவிட்டார்கள். வழியிலுள்ள சேசி கணவாய்ப் பக்கம் மாடுகளுக்குத் தோல் கழலை நோய் கண்டதே காரணம். சில ஆண்டுகளுக்கு முன் நம் மாடுகளையும் வாட்டிய அதே நோய். 130 கிலோமீட்டர் இருக்க வேண்டிய கட்டம் 95 கிலோமீட்டருக்குள் முடிந்தது. மாட்டுக்காரர்களின் துயரத்துக்கு நடுவே போட்டி நடத்த மாட்டோம் என்று நினைத்தது எனக்குப் பிடித்திருந்தது. மழையில் ஆரன்ஸ்மன் மறுபடியும் வென்றார், விங்கெகோருக்கு இரண்டே வினாடி முன்னால். பெரிய மலைகள் இத்தோடு முடிந்தன.

எழுத மறந்தது ஒன்று. அண்ணன் மகனுக்குக் காய்ச்சல் என்பதால் காலையில் தனியாக வந்தேன். பாலம் ஏறத் தொடங்கும் இடத்தில் நேற்றைய மீன் வியாபாரி புது ஃபோர்க்கோடு என்னைக் கடந்து போனார். மிதித்துப் பிடித்து, அவருக்குச் சற்று வலப்புறமாகப் பின்னால் ஒதுங்கிக்கொண்டேன். மீன்கூடை நல்ல அகலம்; நடுப்பாலம் வரை கச்சான் அவ்வளவாகத் தெரியவில்லை.